பூசை யாருடைய சொல்?

பத்து காஜாவிலிருந்து கோப்பெங் செல்லும் சாலையில், கெல்லி மாளிகைக்கு அணித்தாக ஒரு மாரியம்மன் கோயில் உளது. 1915ஆம் ஆண்டில் தொடங்கி முற்றுப்பெறாமலே நின்றுவிட்ட அம்மாளிகைக்காகத் தென்னாட்டிலிருந்து வந்த தொழிலாளரிடையே கொடுநோய் பரவியபோது, அவர்கள் வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் துரையிடம் வேண்டிப் பெற்ற கோயில் அஃது என்பர். அங்கு நடைபெறுவதை நாம் 'பூசை' என்கிறோம். அச்சொல் யாருடையது?

"வேதத்தின் சொல், வடமொழியாளருக்கே உரியது" என்பர் ஒரு சாரார். "'பூ செய்' என்னும் தூய தமிழே அது" என முழங்குவர் மற்றொரு சாரார். நேயர்களே, இரண்டையும் நிறுத்துப் பார்ப்போம்.

வடமொழி இலக்கணத்தார் வினைப்பகுதியைத் 'தாது' என்பர். தாதுபாடத்தின் பத்தாம் வகுப்பில் 'பூஜ்' என்னும் தாது உண்டு. அதற்கு அந்நூல் தரும் பொருள் 'பூஜை' என்பதேயாம்! நீர் யாதெனக் கேட்டவனுக்கு 'நீர்' என விடையிறுத்தது போன்றது இது. வேதகால வழிபாட்டிற்குரிய தாது 'யஜ்' என்பது. யாகமும் யஜமானனும் அதன் வழிவந்தவை. இருக்கு வேதத்தில் 'பூஜ்' இந்திரனது அடைமொழி ஒன்றினுள் தலைகாட்டுகிறது. ஆயினும் உருவத்திற்குப் பூவும் நீரும் இட்டு வழிபடும் முறை அவ்வேதத்தில் இல்லை.

இது கண்டே, 1927இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஜார்ல் சார்பெந்தியர், கல்லுக்கும் உருவத்திற்கும் மஞ்சளும் சாந்தும் 'பூசு'தலாகிய தென்னாட்டு வழக்கிலிருந்து இச்சொல் பிறந்திருக்கலாம் என்றார். 1939இல் ஜெர்மானிய அறிஞர் பால் தீமே இதனை மறுத்தார். பழைய வடநூல்களில் 'பூஜ்' என்பது பெரும்பாலும் விருந்தினரையும் பெரியோரையும் சிறப்பித்தலையே குறிப்பதென்றும், விருந்தினர்க்குத் தேனும் தயிரும் கலந்தளித்த வழக்கத்தையொட்டிக் 'கல' எனப் பொருள்படும் வடமொழித் தாதுவினின்று அது திரிந்ததென்றும் அவர் கருதினார். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. தீராத வழக்கில் வெற்றிமுரசு கொட்டுவது, எத்திறத்தார்க்கும் அறிவுடைமையாகாது.

ஆயின், தீமே எடுத்துக்காட்டிய ஒன்றை மட்டும் நாம் மறத்தலாகாது. பிறப்பு எதுவாயினும், இச்சொல் நெடுங்காலம் மனிதனை மனிதன் மதித்தலைக் குறித்தது. வாசலுக்கு வந்தவனை எழுந்து நின்று வரவேற்பதும் பூசையே. அப்பெயர் தாங்கிய வழிபாடே பின்னாளில் மனிதரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது! மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் நுழைய 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் வரை காத்திருக்க நேர்ந்ததன்றோ?

சொல்லோ எந்த வாசலிலும் நிற்கவில்லை. கடல் கடந்து மலாய்மொழியுள் 'பூஜி' எனப் புகுந்து, புகழ்தல் என்னும் பொருளில் வாழ்கிறது. நம் மலாய் அண்டையார் இறைவனைப் போற்றுவதும் அச்சொல்லாலேயே. இவ்வாறு பலர் நாவிலும் பழகிய சொல்லை ஒரு குலம் தன் பட்டாவில் எழுதிக்கொள்ளல் ஒண்ணுமோ?

ஆகவே, லயத்து மரத்தடியில் கல் நட்டு, மஞ்சள் பூசி, பூவிட்டுக் கும்பிட்ட நம் பாட்டியார் செய்தது குறைந்த பூசை என்று எவரேனும் இகழ்ந்தால், தலைகுனிய வேண்டுவதில்லை. அக்கும்பிடு உயர்ந்ததா எனக் காண உரைகல் ஒன்றே: வந்தவரையெல்லாம் மதித்ததா? அதனை நம் கோயில்கள்தோறும் கேட்போமாக.