பெட்டியடிப் பையனின் கல்வி

வருங்கால வரவையும் செலவையும் வட்டியையும் முன்கூட்டியே கணித்துப் பார்க்கும் நிதிவித்தையை, பாடநூலின் துணையின்றிச் செய்கையினாலேயே பயிற்றுவித்த ஒரு சம்பிரதாயம் செட்டிநாட்டு நகரத்தாரிடையே வாழ்ந்தது என்பதை எண்ணும்தோறும் என் மனம் வியப்பில் ஆழ்கிறது.

முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு, காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று என்று எண்சுவடியை மனனம் செய்த நகரத்தார் சிறுவன், மீசை அரும்புமுன்னரே இரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ வட்டித்தொழில் நடக்கும் ஒரு கிட்டங்கியை அடைந்து, பெட்டியடிப் பையன் என்ற பெயருடன் ஏவல் வேலைகளைச் செய்துகொண்டே, பெரியவர்கள் கடன் கேட்டு வந்தவனின் நிலத்தையும் நாணயத்தையும் எவ்வாறு எடைபோடுகிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து கவனித்தான். பின்னர் குறிப்பிலிருந்து பேரேட்டுக்குக் கணக்கேற்றவும், கோயிலில் கூடி நிர்ணயித்த நடப்பு வட்டியைக் கொண்டு வைப்புக்கும் கடனுக்கும் உள்ள இடைவெளியை மனத்தாலேயே கணிக்கவும், இறுதியில் ஐந்தொகை தீர்க்கவும் பழகி, அடுத்தாளாகவும், பின் கடையை நடத்தும் மேலாளாகவும் உயர்ந்தான். மேலாளின் தவணை பெரும்பாலும் 3 ஆண்டுகள். தவணை முடிவில் கணக்கே அவனுக்குப் பரீட்சை.

இப்பயிற்சியின் வலிமையால் அவர்கள் தொழில் வளர்ந்தது; 1930-ஐ ஒட்டிப் பர்மாவில் நகரத்தாரின் முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என வங்கித் தொழிலை ஆராய்ந்த விசாரணைக் குழு மதிப்பிட்டது. ஆயினும், நெல் விலை வீழ்ந்தபோது, ஈடாக வந்த வயல்கள் பணமாக மாறவில்லை; 1930-களின் இறுதிக்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம், விரும்பாமலேயே, அவர்கள் பேரேடுகளில் ஏறியிருந்தது.