தீவகத்தின் வெளிநாட்டார்

புங்குடுதீவில் பிறந்து கனடாக் குடியுரிமை பெற்றவர் ஊர் திரும்பி மோட்டார் சைக்கிளில் சுற்ற விரும்பினால், சட்டத்தின் முன் அவர் வெளிநாட்டவரே. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையில் இலங்கை 1957இல் இணைந்தது. அதன்வழி வரும் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் ஓராண்டுக்கே செல்லுபடியாகும். அதில் 'ஏ' பிரிவு பதியப்பட்டிராவிடில் கார் மட்டுமே ஓட்டலாம். பலர் இதைக் கவனிப்பதில்லை. தலைக்கவசம் பின்னிருப்பவருக்கும் கட்டாயம்.

இவையெல்லாம் எந்த நாட்டிலும் உள்ள விதிகள்தாம். வருத்தியது வேறொன்று. 1990, 91இல் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பலர் பின்னர் கடல் கடந்தனர். போர் முடிந்து ஐந்தாண்டுகளின் பின், 2014 ஒக்டோபரில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையோர் வடக்கே செல்லப் பாதுகாப்பு அமைச்சின் முன்அனுமதி வேண்டும் என்ற விதி மீண்டும் வந்தது. பிறந்த வீட்டைப் பார்க்கக் கொழும்பில் விண்ணப்பம்! அனுமதியின்றி வந்தோர் ஓமந்தைச் சாவடியில் திருப்பி அனுப்பப்பட்டனர். பிறப்புச் சான்றிதழ் அங்கே செல்லவில்லை. ஆட்சி மாறிய 2015 ஜனவரியில் அவ்விதி நீக்கப்பட்டது.

இன்று பண்ணைப் பாலம் கடந்து வேலணை வழியாகக் குறிகட்டுவான் வரை தடையின்றி ஓட்டலாம். அங்கே வீதி முடிகிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேற வேண்டும்.