பிரிந்து போன கணவர், சேர்ந்து போகும் தம்பதி: மார்மன் சபையில் முதியோர் ஊழியம் உருவான கதை

கிறிஸ்தவ மிஷன் வரலாறு பெரும்பாலும் இளைஞர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. கப்பலேறி வந்த போதகர், அவர் கற்ற மொழி, கட்டிய பள்ளிக்கூடம், அச்சேற்றிய நூல்கள் என்று அது நீளும். பணி ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் வீட்டைப் பூட்டிவிட்டு, சொந்தச் சேமிப்பைச் செலவழித்து, தெரியாத ஊருக்குப் போய் ஒன்றரை ஆண்டு கணக்கு எழுதுவதும் இளம் ஊழியர்களுக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுப்பதும் அந்த வரலாற்றில் இடம் பிடிப்பதில்லை. மார்மன் சபை என்று பொதுவாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் ஆயிரக்கணக்கான முதியவர்கள் இன்று இதைச் செய்கிறார்கள். இந்த ஏற்பாடு சபையோடு கூடவே பிறந்ததல்ல. தொடக்கத்தில் ஊழியத்துக்காகத் தம்பதியரைப் பிரித்த ஒரு சபை, பிற்காலத்தில் அவர்களைச் சேர்த்தே அனுப்பத் தொடங்கியது எப்படி என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது. அந்த மாற்றத்தில் ஊழியம் என்று எண்ணப்பட்ட வேலையும் மாறிப்போனது என்பதே என் வாதம். முன்பு மனைவியர் பெயரில்லாமல் செய்த வேலைகளே இன்று முதிய தம்பதியரின் ஊழியமாகப் பெயர் பெற்றிருக்கின்றன.

சபை 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஃபயெட் என்னும் ஊரில் ஜோசப் ஸ்மித்தின் தலைமையில் அமைக்கப்பட்டது. அந்த ஆண்டு கோடையிலேயே அவருடைய தம்பி சாமுவேல், சபையின் வேதநூலான ‘மார்மன் புத்தக’த்தின் பிரதிகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக நடந்தார். தனிப் போதகர் வகுப்பு இல்லாத சபை அது. விவசாயியோ தச்சரோ கடைக்காரரோ அழைப்பு வந்தால் கிளம்ப வேண்டியதுதான். பணப்பையும் எடுத்துச் செல்லக் கூடாது என்ற சுவிசேஷ விதியை அவர்கள் அப்படியே கடைப்பிடித்தார்கள். போகிறவருக்குச் சம்பளமில்லை, விட்டுப் போகிற குடும்பத்துக்கும் நிலையான ஆதரவு இல்லை.

1839 செப்டம்பரில் சபையின் அப்போஸ்தலர்களான பிரிகாம் யங்கும் ஹீபர் கிம்பலும் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட நாட்களை எந்தச் சபை வரலாறும் விட்டதில்லை. இருவருக்கும் குளிர்க்காய்ச்சல். யங்கின் மனைவி மேரி ஆன் பத்து நாள் பச்சைக் குழந்தையோடு படுத்திருந்தார். கிம்பலின் மனைவி வைலேட்டும் படுக்கையில். சற்று தூரம் போனதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, நடுங்கிக்கொண்டே எழுந்து நின்று தொப்பியைச் சுழற்றி இருவரும் ஆரவாரம் செய்தார்கள். வீட்டில் கிடந்தவர்களுக்குத் தெம்பு வரட்டும் என்று. சபை நினைவில் இது தியாகத்தின் உச்சமாக நிற்கிறது. தியாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் யங் திரும்பி வர 1841 ஜூலை ஆயிற்று. அதுவரை மேரி ஆன் பிள்ளைகளை எப்படி வளர்த்தார் என்பதும் அதே ஊழியத்தின் கணக்கில் சேர வேண்டியது.

இந்த ஏற்பாட்டின் ஒரு கிளை சென்னை வரை நீண்டது. 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் சிட்டியில் கூடிய சிறப்பு மாநாடு நூறு பேர் அளவில் ஆண்களை உலகின் பல பகுதிகளுக்கு அழைத்தது. அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் பாலன்டைன் 1853 ஜூலையில் மதராஸ் வந்து சேர்ந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், 1849இல் சால்ட் லேக் சிட்டியின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். மனைவி மக்களை அங்கேயே விட்டுவிட்டு வந்த அவர், சுமார் ஓராண்டு மதராஸில் துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டார், ஒரு மாத இதழ் நடத்தினார், ஆங்கிலேயச் சிப்பாய்கள் சிலரிடம் பேசினார். பலன் மிகக் குறைவு. 1854இல் புறப்பட்டு, லண்டன் வழியாக, 1855இல்தான் வீடு சேர்ந்தார்.

அதே காலத்தில் பாக் நீரிணைக்கு அப்பால் வேறு வகையான மிஷன் நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்து அமெரிக்கன் மிஷன் ஊழியர்களைப் பெரும்பாலும் மணமானவர்களாகவே அனுப்பியது. லெவி ஸ்போல்டிங்கும் அவர் மனைவி மேரியும் 1820இல் வந்தார்கள். உடுவிலில் குடியிருந்து, அங்கே வளர்ந்த பெண்கள் பள்ளியோடு தங்கள் வாழ்நாளைப் பிணைத்துக்கொண்டார்கள். லெவி 1873இல் அங்கேயே மறைந்தார். இளந்தம்பதியாக வந்து முதுமையடைந்தவர்கள் இவர்கள். அமெரிக்கன் மிஷன் சம்பளம் கொடுத்தது, வாழ்நாள் முழுவதையும் கேட்டது. அதனால் குடும்பத்தையும் சேர்த்து அனுப்பியது. மார்மன் சபை சம்பளம் கொடுக்கவில்லை, சில ஆண்டுகளையே கேட்டது. குடும்பம் வீட்டில் நின்றது. இரு சபைகளின் பக்தியில் ஏற்றத்தாழ்வு காண்பதைவிட, பணத்தையும் காலத்தையும் அவை கையாண்ட விதத்தைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகப் புரியும்.

சேர்ந்து போனவர்களின் முதல் பெரிய உதாரணம் லூயிசா பார்ன்ஸ் பிராட். அவர் கதையில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். கணவர் அடிசன் 1843இல் பசிபிக் தீவுகளுக்கு அழைக்கப்பட்டபோது லூயிசாவிடம் நான்கு பெண் குழந்தைகள். தையல் வேலை செய்தும் பள்ளி நடத்தியும் அவர் குடும்பத்தைக் காத்தார். 1846இல் மார்மன்கள் தாங்கள் குடியேறியிருந்த இல்லினாய் மாநிலத்து நாவூ நகரை விட்டு விரட்டப்பட்டபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேற்கே கிளம்பினார். 1848இல் சமவெளியைக் கடந்து சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். அதே ஆண்டில் அடிசனும் வந்து சேர்ந்தார். ஐந்தாண்டுப் பிரிவு. மறு ஆண்டே அவரை மீண்டும் அனுப்பினார்கள். இம்முறை லூயிசா பின்தங்கவில்லை. 1850இல் மகள்களோடும், தங்கை கரோலின் கிராஸ்பி குடும்பத்தோடும் டுபுவாய் தீவில் இறங்கினார். அப்போது அவருக்கு 47 வயது. இறங்கியபோது கணவர் அங்கே இல்லை. பிரெஞ்சு ஆளுநரின் கெடுபிடியால் தஹித்தியில் நிறுத்தப்பட்டு, 1851 தொடக்கத்தில்தான் வந்தார்.

லூயிசாவின் நினைவுக் குறிப்புகளும் கரோலினின் நாட்குறிப்பும் நமக்கு அச்சில் கிடைக்கின்றன. இரண்டையும் படித்தால் மிஷனின் இன்னொரு முகம் தெரிகிறது. தீவுப் பெண்களோடு கூடி ஜெபிப்பது, அவர்களுக்குத் தையல் கற்றுக்கொடுப்பது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது, நோயாளிகளைக் கவனிப்பது, வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவது. ஞானஸ்நான எண்ணிக்கையில் இவை ஏறுவதில்லை. 1852இல் பிரெஞ்சு ஆட்சியின் நெருக்கடியால் எல்லோரும் வெளியேறினார்கள். அந்த இல்லறம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1858இல் லூயிசா யூட்டாவுக்குப் போனார். அடிசனோ பெரும்பாலும் கலிபோர்னியாவிலேயே தங்கினார். 1872இல் அவர் அனாஹைமில் இறந்தார். லூயிசா 1880இல் யூட்டாவின் பீவரில் இறந்தார். நீண்ட பிரிவுகள் ஒரு மணவாழ்க்கையை என்ன செய்யும் என்பதற்கு இவர்களை விடத் தெளிவான சான்று இச்சபையின் ஏடுகளில் நான் காணவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறத் தொடங்கியது. 1898இல் ஐனெஸ் நைட், ஜென்னி பிரிம்ஹால் என்ற மணமாகாத இரு பெண்கள் முறைப்படி நியமிக்கப்பட்டு இங்கிலாந்து சென்றார்கள். குடும்பஸ்தர்களின் இடத்தை இருபது வயதை ஒட்டிய மணமாகாத இளைஞர்கள் மெல்ல நிரப்பினார்கள். வீட்டிலிருந்து பெற்றோர் பணம் அனுப்பினார்கள். பணப்பையில்லாப் பயணம் வழக்கொழிந்தது. ஊழியம் திருமணத்துக்கு முன் செய்து முடிக்கும் கடமையாயிற்று. மேரி ஆன் யங் பட்ட பாட்டைப் பிந்தைய தலைமுறைப் பெண்கள் பட நேரவில்லை.

முதியவர்கள் அணியணியாக வருவதற்கு இன்னொரு மாற்றம் தேவைப்பட்டது. அது சபைக்கு வெளியே நடந்தது. 1900இல் அமெரிக்காவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 47 ஆண்டு. 1970இல் அது 71ஐ நெருங்கிவிட்டது. 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்தைக் கொண்டுவந்தது. 1965இல் மெடிகேர் மருத்துவக் காப்பீடு வந்தது. பிள்ளைகள் தலையெடுத்த பின்னும் உடம்பில் வலுவும் மாதாந்திர வருமானமும் உள்ள பத்துப் பதினைந்து ஆண்டுகள் என்பது மனித வரலாற்றில் புதியது. அந்தப் புதிய காலத்துக்குச் சபை ஒரு பயனைக் கண்டுபிடித்தது. ஹீபர் கிம்பலின் பேரன் ஸ்பென்சர் கிம்பல் 1973 இறுதியில் சபைத் தலைவரானார். 1974 ஏப்ரலில் மிஷனெரிகளைப் பெருக்க வேண்டும் என்று அவர் விடுத்த அழைப்பு இளைஞர்களை முதன்மையாகக் கருதியது என்றாலும், அடுத்த ஆண்டுகளில் முதிய தம்பதியருக்கான கோரிக்கையும் வலுத்தது. நோயுற்ற மனைவியை விட்டுப் போனவரின் பேரன் காலத்தில் மனைவியர் கணவரோடு சேர்ந்து போனார்கள்.

இவர்களுடைய அன்றாடம் எப்படி இருக்கிறது? இளம் மிஷனெரிகளின் நாள், விடியலில் எழுவது முதல் இரவில் விளக்கணைப்பது வரை கால அட்டவணைக்குள் அடங்கியது. முதியவர்களுக்கு அந்தக் கட்டு இல்லை. வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுவதும் அவர்கள் வேலையல்ல. பயிற்சியும் ஏறத்தாழ ஒரு வாரம்தான். புது மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருவருக்கும் தனித்தனிப் பெயர்ப்பட்டை உண்டு. கணவர் எல்டர், மனைவி சிஸ்டர்.

மிஷன் அலுவலகத்தில் அமர்த்தப்பட்ட தம்பதியை எடுத்துக்கொள்வோம். ஒரு மிஷனில் நூறு, நூற்றைம்பது இளைஞர்கள் பல ஊர்களில் இரண்டிரண்டு பேராக வாடகை வீடுகளில் இருப்பார்கள். அந்த வீடுகளின் ஒப்பந்தம், மாத வாடகை, மின்கட்டணம், கட்டில் மெத்தை எல்லாம் இவர்கள் பொறுப்பு. விசா புதுப்பிப்பு, தபால், வாகனப் பழுது, பையன்களுக்கான மாதச் செலவுப் பணம் என்று வேலை ஓயாது. ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் இடமாற்றம் அலுவலகத்தையே புரட்டிப்போடும். போகிறவர்களுக்குப் பயணச்சீட்டு, வருகிறவர்களை அழைத்துவர வண்டி, அத்தனை பேருக்கும் சாப்பாடு. பிறகு வீடுகளைச் சோதிக்கும் சுற்று. குளியலறை சுத்தமா, புகை எச்சரிக்கைக் கருவி ஒலிக்கிறதா, தண்ணீர் வடிகட்டி மாற்றப்பட்டதா என்று பார்ப்பார்கள். போகும்போது கேக்கோ ரொட்டியோ சுட்டு எடுத்துப் போவது தம்பதியர் பலரின் வழக்கம். ஊருக்கு ஏங்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய ஆறுதல். சபை அறிக்கைகளில் இந்த ஆறுதலுக்கு இடமில்லை. மிஷன் நிலைப்பதில் இதற்குப் பெரும் பங்குண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் ஏதாவதொரு சிறு சபையில் கழியும். இருபது முப்பது பேர் கூடும் இடத்தில் ஒருவர் பியானோ வாசிப்பார், மற்றவர் உள்ளூர்ப் பொறுப்பாளருக்குப் பதிவேடு எழுதக் கற்றுக்கொடுப்பார். அலுவலகத்துக்கு வெளியேயும் பணிகள் பல. ஆலயங்களில் சேவை, பழைய பதிவேடுகளைப் படமெடுத்து வம்சாவளிக்காகப் பாதுகாத்தல், சக்கர நாற்காலி வழங்கும் திட்டம், குடிநீர்த் திட்டம், பிறந்த குழந்தைக்கு மூச்சு மீட்கும் பயிற்சியை மருத்துவச்சிகளுக்கு அளித்தல். ஓய்வு பெற்ற பொறியாளரும் செவிலியரும் தாங்கள் வாழ்நாளெல்லாம் செய்த தொழிலையே இங்கே கொண்டுவருகிறார்கள். கடினமானது இன்னொன்று. நாற்பது ஆண்டு தனித்தனி இடங்களில் உழைத்த இருவர், ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் நாள் முழுக்கச் சேர்ந்து வேலை பார்க்கப் பழக வேண்டியிருக்கிறது.

ஆனாலும் தேவைக்கேற்ற எண்ணிக்கையில் தம்பதியர் முன்வருவதில்லை. 2001 ஏப்ரலில் நடந்த சபை மாநாட்டில் அப்போஸ்தலர் ராபர்ட் ஹேல்ஸ் நான்கு தடைகளைச் சொன்னார்: பயம், குடும்பக் கவலை, ஏற்ற வாய்ப்பு கிடைக்காமை, பணம். குடும்பக் கவலை என்பது பெரும்பாலும் பேரப்பிள்ளைகளைப் பற்றியது. மகள் பிரசவத்துக்கும் பேரனைப் பார்த்துக்கொள்ளவும் அறுபது வயதில் அமெரிக்கா போகும் தமிழ்ப் பெற்றோருக்கு இந்தத் தயக்கத்தை விளக்க வேண்டியதில்லை. பணத் தடையைச் சபை 2011இல் ஓரளவு தளர்த்தியது. தம்பதியர் தரவேண்டிய குடியிருப்புச் செலவுக்கு மாதம் 1,400 டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. ஆறு மாதம் போன்ற குறுகிய காலத்துக்கும் வழி திறந்தது. மறு ஆண்டு அக்டோபரில் இளைஞர்களுக்கான குறைந்தபட்ச வயதை ஆண்களுக்கு 18 ஆகவும் பெண்களுக்கு 19 ஆகவும் குறைத்தபோது, 58,000 அளவில் இருந்த மிஷனெரிகளின் எண்ணிக்கை இரண்டே ஆண்டில் 85,000ஐத் தாண்டியது. இத்தனை பேருக்கு வீடு பார்க்கவும் கணக்கு எழுதவும் முதியவர்கள் இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டார்கள்.

இந்தியாவில் இச்சபையின் நவீன வரலாற்றிலும் ஒரு தம்பதிக்கு முக்கிய இடமுண்டு. சமோவாவில் பூச்சியியல் அறிஞராகப் பணியாற்றியபோது சபையில் சேர்ந்த எட்வின் தர்மராஜுவும் மனைவி எல்சியும் 1978 டிசம்பரில் மிஷனெரிகளாக ஐதராபாத் வந்தார்கள். அவர்களுடைய உறவினர் 22 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். பாப்டிஸ்ட் போதகரான எல்சியின் தந்தை மார்மன் புத்தகத்தைத் தெலுங்கில் மொழிபெயர்க்கும் பணியில் ஈடுபட்டார். 1853இல் குடும்பமின்றி வந்த பாலன்டைனுக்கு மதராஸில் வாய்க்காத ஒன்று இவர்களுக்கு இருந்தது: சொந்த ஊர், சொந்த மொழி, உட்கார்ந்து பேச உறவினர் வீடு. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மிஷன் 1993இல்தான் அமைந்தது.

இந்த ஏற்பாட்டின் குறையையும் சொல்ல வேண்டும். உச்சவரம்பு குடியிருப்புச் செலவுக்கு மட்டும்தான். உணவும் மருத்துவமும் அவரவர் செலவு. அமெரிக்காவுக்கு வெளியே மெடிகேர் பொதுவாகச் செல்லாது என்பதால் தனிக் காப்பீடு வேண்டும். ஆகவே நிலையான ஓய்வூதியம் உள்ள நடுத்தர அமெரிக்கக் குடும்பங்களுக்கே இது எளிது. முதுமையில் பிள்ளைகளைச் சார்ந்து வாழும் நாடுகளின் உறுப்பினர்களுக்கு இது எட்டாத தொலைவில் இருக்கிறது. கணவரை இழந்த பெண்கள் இன்னொரு பெண்ணோடு இணைந்து போகலாம் என்ற வழி ஒரு பகுதியினருக்கு உதவுகிறது. உடல்நலமோ பணமோ இடம் தராதவர்களுக்காகச் சேவை மிஷன் என்ற ஏற்பாடும் உண்டு. அதில் சேர்பவர்கள் தங்கள் வீட்டிலேயே தங்கி, உள்ளூர் நல மையங்களிலோ கணினி வழியாக வம்சாவளிப் பதிவுகளிலோ வாரத்தில் சில மணி நேரம் உழைக்கிறார்கள்.