கத்தி எங்கே போயிற்று? கொரியக் கொத்துக்கறிச் சோற்றின் பின்னுள்ள வரலாறு

கொரியாவின் பெயரைத் தாங்கி இன்று பல நாடுகளில் சமைக்கப்படும் எளிய உணவுகளுள் ஒன்று மாட்டுக் கொத்துக்கறிக் கிண்ணச் சோறு. செய்முறை மிகச் சுருக்கமானது. கொத்துக்கறியை வாணலியிலிட்டு ஈரம் வற்றிச் சிவக்கும் வரை வதக்க வேண்டும். நசுக்கிய பூண்டும் துருவிய இஞ்சியும் சேர்த்து, சோயா சாஸ், பழுப்புச் சர்க்கரை, மிளகாய்த் தூள் ஆகியவை கலந்த சாற்றை ஊற்றிச் சுண்டவிட வேண்டும். இறக்கும்போது வறுத்த எள்ளின் எண்ணெய் சில துளிகள். சூடான சோற்றின்மேல் பரப்பி, வெங்காயத்தாளும் எள்ளும் தூவினால் உணவு ஆயத்தம். 20 நிமிட வேலை. வேலை முடிந்து களைத்து வருவோருக்கு உகந்த வாரநாள் இரவுணவு என்று அமெரிக்கச் சமையற்குறிப்புகள் இதைப் பரிந்துரைப்பதில் வியப்பில்லை.

இதன் மூதாதை புல்கோகி. 'புல்' என்றால் நெருப்பு. 'கோகி' என்றால் இறைச்சி. (தமிழ்–கொரிய ஒலி ஒற்றுமைகளில் ஆர்வமுள்ள நண்பர்கள் பொறுத்தருள்க, நம் புல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) புல்கோகியில் இறைச்சியை நார்களுக்குக் குறுக்காக, மெல்லிய இதழ்களாக அரிவர். நார் குறுகினால்தான் கடிக்க மென்மையாக இருக்கும். பின்னர் சோயா சாஸிலும் பேரிக்காய்ச் சாற்றிலும் ஊறவைப்பர். பேரிக்காயில் உள்ள நொதி இறைச்சியை மேலும் இளக்கும். கொத்துக்கறியில் இவ்விரண்டும் தேவையற்றுப் போகின்றன. இயந்திரம் முன்பே நார்களைச் சிதைத்துவிட்டது. ஊறவைக்கும் நேரமும் இல்லை, அரியும் திறனும் வேண்டியதில்லை. அப்படியானால் '20 நிமிடம்' என்பது யாருடைய நேரத்தையும் யாருடைய உழைப்பையும் கழித்த பின் எஞ்சிய கணக்கு? இப்பதிவு இக்கேள்வியைக் கொரிய வரலாற்றின் வழியே அணுக முயல்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இறைச்சியைக் கொத்திச் சமைப்பது கொரியாவுக்கு அந்நியமன்று. விலாக் கறியைக் கொத்தித் தட்டிச் சுடும் தொக்கல்பி, கொத்திய மாட்டிறைச்சியோடு வதக்கிய மிளகாய் விழுதான யாக்கொச்சுஜாங் முதலியன அங்கே பழகியவை. ஆனால் அங்கே கொத்தியது கை. கத்தியின் ஓசை வீட்டுக்குள் கேட்டது. ஆகவே இங்கு விவாதிக்கப்படுவது 'அசல்–போலி' என்னும் சிக்கலன்று. கத்தியைப் பிடித்த கை எங்கிருந்தது, சமூகம் அதை எவ்வாறு நோக்கியது என்பதே நம் அக்கறை.

*

கொரியாவில் மாட்டிறைச்சி நெடுங்காலம் தடைக்குட்பட்ட பொருளாக இருந்தது. பௌத்தம் செல்வாக்குடன் விளங்கிய கோர்யோ அரசுக்கு 1123இல் வந்த சொங் சீனத் தூதர் சூ ஜிங், அந்நாட்டார் உயிர்க்கொலையைத் தவிர்ப்பவர்கள் என்றும், அரசரும் உயர் அதிகாரிகளுமே ஆட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் உண்பவர்கள் என்றும், விலங்கை அறுக்கும் முறை அங்கே செம்மையாக இல்லை என்றும் பதிவுசெய்தார். 1231இல் தொடங்கிய மங்கோலியப் படையெடுப்புகளும் அதன்பின் நிலவிய மங்கோலிய மேலாதிக்கமும் புலாலுணவைப் பரவலாக்கின என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

1392இல் நிறுவப்பட்ட ஜோசொன் அரசு கன்பூசியக் கொள்கையை ஏற்றது. உயிர்க்கொலை பாவம் என்ற பௌத்தக் காரணம் பின்வாங்கியது. எனினும் தடை நீங்கவில்லை. காரணம் மட்டுமே மாறியது. மாடு உழவின் உயிர்நாடி. மாடு குறைந்தால் நெல் குறையும், நெல் குறைந்தால் வரி குறையும். எனவே மாட்டை அறுத்தல், மது வடித்தல், பைன் மரம் வெட்டுதல் ஆகிய மூன்றையும் அரசு மீண்டும் மீண்டும் தடைசெய்தது. ஒரே தடை மீண்டும் மீண்டும் பிறப்பிக்கப்படுவது, அது மீண்டும் மீண்டும் மீறப்பட்டதற்கான சான்று என்பதை ஆவணக்காப்பகத்தில் பழகியோர் அறிவர்.

மீறலின் அளவை 1778இல் 'புக்ஹாகுய்' நூலை எழுதிய சீர்திருத்தச் சிந்தனையாளர் பாக் ஜேகா சுட்டுகிறார். அவர் கணக்கில், நாட்டில் நாள்தோறும் 500 மாடுகள் அறுக்கப்பட்டன. அரசுச் சடங்குகளுக்கும் விருந்துகளுக்கும் அறுத்தனர். தலைநகரின் 24 இறைச்சிக் கடைகளில் அறுத்தனர். முந்நூறுக்கு மேற்பட்ட வட்டாரங்களின் அரசு அலுவலகங்கள் தாமே அறுத்து விற்றன. தடையை விதித்தவர்களே முதன்மை நுகர்வோர்.

பல்கலைக்கழகங்களில் இருக்கும் நமக்கு இதில் தனிக் கவனம் தேவைப்படும் ஓர் இடம் உண்டு. தலைநகரில் மாட்டிறைச்சி விற்கும் உரிமை, நாட்டின் மிக உயர்ந்த கன்பூசியக் கல்வி நிறுவனமான சொங்க்யுன்க்வானைச் சார்ந்த அடிமைக் குடிகளிடம் இருந்தது. கல்விக்கூடத்தைச் சூழ்ந்த பான்ச்சொன் என்னும் குடியிருப்பில் வாழ்ந்த அவர்கள் 'பானின்' எனப்பட்டனர். அவர்கள் நடத்திய கடைகள் 'ஹ்யொன்பாங்', அதாவது இறைச்சியைத் தொங்கவிடும் கடைகள். அறுப்பது குற்றம் என்பதால், அக்குற்றத்துக்கான தண்டத்தை அவர்கள் முறையாக மூன்று நீதி அலுவலகங்களுக்கும் செலுத்திவந்தனர். செலுத்தியபின் அறுக்கலாம்! தண்டம் காலப்போக்கில் வரியாகி, அவ்வலுவலகங்களின் வருவாயாயிற்று. கல்விக்கூடத்தின் செலவுகளுக்கும் இவ்வணிகமே துணைநின்றது. அறமும் அரசியலும் கற்ற இளைஞர்களின் உணவுத் தட்டு, சட்டம் குற்றமெனக் கூறிய தொழிலின்மீது அமர்ந்திருந்தது.

*

தலைநகரத்து மேன்மக்கள் இவ்விறைச்சியை எவ்வாறு உண்டனர் என்பதை 1849இல் ஹொங் சொக்மோ தொகுத்த 'டோங்குக் சேசிகி' காட்டுகிறது. பத்தாம் திங்களில் குளிர் தொடங்கும்போது கணப்பைச் சூழ்ந்து அமர்வர். மாட்டிறைச்சியை எண்ணெய், சோயா சாஸ், முட்டை, வெங்காயத்தாள், பூண்டு, மிளகாய்த் தூள் ஆகியவற்றோடு பக்குவம் செய்து சுட்டு உண்பர். 'நல்லோஹோ' என்று இக்கூடுகைக்குப் பெயர். முட்டையை நீக்கி, இஞ்சியையும் சர்க்கரையையும் சேர்த்தால், இன்றைய கிண்ணச் சோற்றின் சுவைப்பட்டியல் ஏறத்தாழ முழுமையாகிவிடுகிறது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தீபகற்பத்துக்குள் வந்த மிளகாய், இதற்குள் மேட்டுக்குடிப் பந்தியிலும் இடம்பிடித்திருந்தது.

ஆனால் மாட்டை அறுத்தவர் அப்பந்தியில் இல்லை. பானின் ஒருபுறமிருக்க, நாடெங்கும் அறுப்புத் தொழிலில் ஈடுபட்டோர் 'பெக்ஜொங்' எனப்பட்டனர். இச்சொல்லின் வரலாறு வியப்பானது. கோர்யோ காலத்தில் அது சாதாரணக் குடிமக்களைக் குறித்தது. அறுப்பு, கூடை முடைதல், கூத்து முதலிய தொழில்களால் வாழ்ந்த விளிம்புநிலை மக்களைக் குடிமக்களோடு இணைக்கும் நோக்கில், 1423இல் சேஜோங் மன்னர் அவர்களுக்கு இப்பெயரை வழங்கினார். நிகழ்ந்தது நேர்மாறு. பெயர் அவர்களை உயர்த்தவில்லை. இழிவுதான் பெயரின்மேல் ஏறியது. பிற குடிமக்கள் அப்பெயரைக் கைவிட்டனர். பெக்ஜொங் என்பது வசைச்சொல் ஆயிற்று. ஊருக்குப் புறத்தே வாழ வேண்டும்; பட்டு உடுத்தலாகாது; மேன்மக்களுக்குரிய தொப்பி அணியலாகாது; எளிய குடிமகனின் சிறு பிள்ளையிடமும் பணிவுமொழியிலேயே பேச வேண்டும். பெயரை மாற்றினால் நிலை மாறும் என்னும் நம்பிக்கையின் எல்லையை இந்தியாவில் நாமும் நன்கறிவோம்.

இங்கே ஓர் ஒப்பீடு பயன்தரும். 1948இல் வெளிவந்த தீண்டாமையின் தோற்றம் பற்றிய தம் நூலில், அம்பேத்கர் மாட்டிறைச்சி உண்ணுதலைத் தீண்டாமைக்கான காரணங்களுள் முதன்மையாக வைக்கிறார். அங்கே இழிவு உண்பவர்மேல் படிகிறது. கொரியாவில் உண்பது பெருமை, அறுப்பதே இழிவு. ஒரே தட்டின் இரு முனைகளில் உண்பவரும் அறுப்பவரும் இருந்தனர். மாசு முழுவதும் ஒரு முனைக்கே தள்ளப்பட்டது. ஆகவே, இழிவு உணவுப் பொருளின் இயல்பிலிருந்து பிறப்பதில்லை. எந்த உழைப்பைப் பார்க்க விரும்புகிறோம், எதைப் பார்க்க விரும்புவதில்லை என்னும் தெரிவிலிருந்து அது பிறக்கிறது. கொரியச் சான்று கற்பிக்கும் தலையாய பாடம் இதுவே என்பது என் கருத்து.

*

1894ஆம் ஆண்டின் காபோ சீர்திருத்தங்கள் பிறப்பு அடிப்படையிலான படிநிலையைச் சட்டத்தில் ஒழித்தன. 1898இல் சியோலில் திரண்ட பொதுமக்கள் பேரவையில் பெக்ஜொங் வகுப்பைச் சார்ந்த பாக் சொங்சுன் மேடையேறி உரையாற்றினார். அவர் மகன் பாக் சொயாங் 1908இல் மேலைமருத்துவப் பட்டம் பெற்ற முதல் கொரியர்களுள் ஒருவரானார். எனினும் ஊர்களில் நிலைமை வேறு. 1909இல் ஜின்ஜு நகரில் பெக்ஜொங் மக்களை ஒரே தேவாலயத்தில் வழிபட அழைத்தபோது, பிறர் வெளியேறினர். ஜப்பானியக் குடியேற்ற ஆட்சியில் பதிவேடுகள் பழைய அடையாளத்தைச் சுமந்தன. பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவுகள் திறக்கவில்லை. போதாக்குறைக்கு, பொது அறுப்புக்கூடங்களும் புதிய முதலீடும் வந்து, இழிவோடு சேர்ந்திருந்த வருவாயையும் குறைத்தன.

1923 ஏப்ரலில், சேஜோங் அப்பெயரை வழங்கிச் சரியாக 500 ஆண்டுகள் கழிந்தபின், அதே ஜின்ஜு நகரில் 'ஹ்யொங்ப்யொங்சா' பிறந்தது. 'ஹ்யொங்' என்பது துலாக்கோல்; 'ப்யொங்' என்பது சமன். இறைச்சியை நிறுக்கும் தம் தொழிற்கருவியையே சமத்துவத்தின் சின்னமாக்கிய இயக்கம் அது. முந்தைய ஆண்டில் ஜப்பானின் கியோத்தோவில் புராக்கு மக்கள் தோற்றுவித்த சுய்ஹெய்ஷா இயக்கத்தோடும் அது உறவு கொண்டது. நான்கு ஆண்டுகள் கழித்து நிகழ்ந்த மகாட் போராட்டத்தோடு சேர்த்துக் காண்போர்க்கு, ஆசியாவின் 1920கள் புதியதொரு வரைபடமாகத் தோன்றும்.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. ஜின்ஜு உழவர்கள் திரண்டு, பெக்ஜொங் விற்கும் மாட்டிறைச்சியை வாங்குவதில்லை என்று முடிவெடுத்தனர். சமமாக நிற்பவன் கையிலிருந்து இறைச்சி வேண்டாம். தாழ்ந்து நிற்பவன் கையிலிருந்து மட்டும் ஏற்கலாம்! 1925இல் யெச்சொனில் இயக்கக் கிளையினர்மீது வன்முறைத் தாக்குதலே நடந்தது. அடக்குமுறையும் உட்பிளவும் சூழ, 1935இல் இயக்கம் பெயரை மாற்றிக்கொண்டு வீரியம் இழந்தது.

*

இவ்விடத்திலிருந்து அமெரிக்கச் சமையலறைக்குச் செல்லும் பாதை புலம்பெயர்வின் வழியே செல்கிறது. 1965ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இன ஒதுக்கீட்டை நீக்கியபின் கொரியர்கள் பெருமளவில் அமெரிக்கா சென்றனர். புல்கோகியின் சுவையும் உடன்சென்றது. மெல்லிய இதழாக அரிந்த இறைச்சி அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளில் எளிதில் கிடைப்பதன்று. கொத்துக்கறியோ எங்கும் கிடைத்தது, விலையும் குறைவு. இத்தகைய உணவுக்கு ஒற்றை ஆசிரியர் இருப்பதில்லை. கையில் கிடைத்த பொருளும் நாவில் தங்கிய நினைவும் சேர்ந்து அதைச் சமைக்கின்றன.

கொத்துக்கறி மலிவானதற்கும் காரணங்கள் உண்டு. பெரிய துண்டங்களை வெட்டியெடுத்தபின் எஞ்சும் கழிவுத் துண்டுகளும், பால் வற்றிய பசுக்களின் கொழுப்பற்ற இறைச்சியும் அதன் மூலப்பொருள்கள். 1967இல் அயோவா பீஃப் பேக்கர்ஸ் நிறுவனம் மாட்டை முழு உடலாக அனுப்புவதை விடுத்து, ஆலையிலேயே கூறுபோட்டுப் பெட்டியில் அடைத்து அனுப்பத் தொடங்கியது. கடையில் நின்ற தேர்ந்த இறைச்சி வெட்டுநரின் தேவை அருகியது. நகரத்தில் இருந்த வேலை நாட்டுப்புற ஆலைக்குப் பெயர்ந்தது. அங்கே ஒருவர் நாள் முழுதும் ஒரே வெட்டைத் திரும்பத் திரும்ப வெட்டினார். அவர்களுள் பலர் குடிபெயர்ந்தோர், ஏதிலியர்.

2020இல் பெருந்தொற்று அவ்வாலைகளில் பரவித் தொழிலாளர் நோயுற்று மடிந்தபோது, பல ஆலைகள் மூடப்பட்டன. ஏப்ரல் 28 அன்று அமெரிக்க அதிபர், இறைச்சி ஆலைகள் இயங்குவதை உறுதிப்படுத்தும் ஆணையைப் பிறப்பித்தார். உணவு இன்றியமையாதது என அரசு அறிவித்தது. அதை வெட்டிய கைகளுக்குரிய பாதுகாப்பு அதே வேகத்தில் அறிவிக்கப்படவில்லை.

ஜோசொன் காலத்து அறுப்பவரும் அயோவா ஆலைத் தொழிலாளியும் ஒருவரே என்று கூறுவது வரலாற்றுப் பிழை. முன்னவரைப் பிறப்பு கட்டியது; பின்னவரைக் கூலியும் குடியுரிமைச் சிக்கலும் கட்டுகின்றன. ஆனால் விலக்கும் முறையில் ஒரு தொடர்ச்சி தெரிகிறது. முன்பு அறுப்பவரை ஊருக்குப் புறத்தே வைத்தனர். அவர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். இன்று அவர் பார்வைக்கே புறத்தே வைக்கப்பட்டுள்ளார். நெகிழித் தட்டில் வந்துசேரும் கொத்துக்கறியில் எந்தக் கையின் வெட்டும் தெரிவதில்லை.

இந்தியாவில் இவ்வுணவைக் கோழி அல்லது எருமைக் கொத்துக்கறியில் செய்துபார்க்கும் மாணவர்கள் பலர். கொரியத் தொடர்கள் வளர்த்த சுவை அது. அதில் குறைகாண ஒன்றுமில்லை. சுவை பயணம் செய்யட்டும். ஆனால் உணவின் வரலாற்றைச் சமையற்குறிப்புகளிலிருந்து மட்டும் எழுதும்போது, குறிப்பு தொடங்கும் இடத்துக்கு முன் நடந்த வேலை ஆவணத்திலிருந்து விடுபட்டுவிடுகிறது. தண்டப் பதிவேடுகள், ஆலைப் பதிவுகள், தொழிற்சங்க அறிக்கைகள், வாய்மொழி வழக்காறுகள் ஆகியவற்றையும் உணவு வரலாற்றின் மூலங்களாகக் கொண்டால்தான் 20 நிமிடத்தின் முழு நீளம் நமக்குத் தெரியவரும். இந்திய நகரங்களின் இறைச்சி வெட்டுநர் குடிகள், அறுப்புக்கூடத் தொழிலாளர் குறித்து ஆய்வு செய்துவரும் நண்பர்கள் பின்னூட்டத்தில் எழுதினால், இவ்வுரையாடலைத் தொடரலாம்.