பேய்ச்சி (நாவல்)

பேய்ச்சி, மலேசிய எழுத்தாளர் ம. நவீனின் முதல் நாவல். 2019 இல் 'வல்லினம்', 'யாவரும்' ஆகிய பதிப்பகங்கள் இணைந்து இதை வெளியிட்டன. மலேசிய உள்துறை அமைச்சு 2020 டிசம்பரில் இதற்குத் தடை அறிவித்தது.

களம்

நவீன் பிறந்து வளர்ந்த லூனாஸ், கெடா மாநிலத்தின் கூலிம் மாவட்டத்தில் உள்ளது. 1981 இல் அங்கே சம்சு என்னும் மலிவுச் சாராயம் நஞ்சாகி, அதைக் குடித்துத் தோட்டத் தமிழர் பலர் இறந்தனர். நாவலுக்கு அந்தத் துயரமே அடித்தளம். ரப்பர் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் பேச்சும் வசவும் சடங்கும் மாறாமல் இதில் பதிவாகியுள்ளன. தலைப்பிலுள்ள பேய்ச்சி, தென் தமிழகத்திலிருந்து தோட்ட மக்களோடு கடல் கடந்த நாட்டார் தெய்வம். காக்கும் தாயும் பலி கேட்கும் உக்கிரமும் அவளுள் ஒன்றாக இருப்பதே கதையின் உயிர்நாடி.

தடை

கொச்சைச் சொற்களும் பாலியல் சித்தரிப்பும் உள்ளதாக எதிர்ப்பு எழுந்தது. நாவல் ஆபாசமானது, ஒழுக்கத்துக்குக் கேடானது என்று கூறி, 1984 ஆம் ஆண்டு அச்சு, வெளியீட்டுச் சட்டத்தின்கீழ் அமைச்சு அதைத் தடைசெய்தது. இச்சட்டப்படி, தடைசெய்யப்பட்ட நூலை அச்சிடுவோருக்கும் விற்போருக்கும் மூன்று ஆண்டுகள் வரை சிறையோ 20,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். தக்க காரணமின்றி வைத்திருப்பதும் குற்றம். அதற்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு.

கற்பனைத் தடைநூல்கள்

பேய்ச்சிக்கு நேர்ந்தது உண்மைத் தடை; திகில் இலக்கியத்திலோ தடைசெய்யப்பட்ட நூல் என்பது பழகிய கற்பனை. 1895 இல் வெளிவந்த ராபர்ட் சேம்பர்ஸின் கதைகளில், படிப்பவரைப் பித்தாக்கும் 'மஞ்சள் அரசன்' என்னும் நாடகம் வருகிறது. அமெரிக்க எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்ட், 'நெக்ரோனோமிகான்' என்ற நூலைக் கற்பித்தார். 1927 இல் அதற்கு ஒரு பொய் வரலாறும் எழுதி, 1232 இல் போப் ஒன்பதாம் கிரிகோரி அதைத் தடைசெய்ததாகச் சேர்த்தார். தடை இருந்தால் நூலுக்கு மந்திர வலிமை இருப்பதாக வாசகர் நம்புவர் என்பதே இக்கற்பனையின் உத்தி.

மதிப்பீடு

அக்கற்பனை நூல்களில் படிப்பவரை அழிக்கும் இரகசியம் இருப்பதாகக் கதை சொல்கிறது. பேய்ச்சியில் இருப்பதோ தோட்டம் முழுவதும் அறிந்த உண்மை: வறுமை, குடி, சாதி, பெண்ணின் சீற்றம். லயத்து மனிதர் பேசிய மொழியை நீக்கிவிட்டு அவர்கள் வாழ்வை எழுத முடியாது. நாவலின் தரம் பற்றி விமர்சகர்கள் வாதிடட்டும். வாசகர் படித்து முடிவு செய்யட்டும். கெடா தோட்டங்களின் நினைவைச் சுமக்கும் ஒரு நூலுக்குத் தடை தகாது.