தேடும் சார்பும் தொலைந்த மதிப்பும்

பட்டியலில் 50ஐ விடப் பெரிய எண்ணைத் தேடும்போது, சோதனைச் சார்பின் கைக்கு வருவது உறுப்பு ஒன்றே. அந்த 50 எவ்வழியாக வந்து சேரும்?

தாளளவில் விடை முன்பே கிடைத்திருந்தது. பல உள்ளீடுகள் வேண்டும் சார்பை, ஒரு நேரத்தில் ஒன்றே பெறும் சார்புகளாக மாற்றலாம் என 1920இல் கோட்டிங்கனில் மோசஸ் ஷேன்ஃபிங்கெல் காட்டினார். (பெயர் மட்டும் ‘கரியிங்’ என ஹாஸ்கெல் கரிக்குப் போய்ச் சேர்ந்தது.)

கணினியில் அது எளிதாக இல்லை. லிஸ்ப் மொழியின் தொடக்கக் காலத்தில், குறித்த பண்புடைய உறுப்பைப் பட்டியலுக்குள் தேடும் நிரலொன்றை ஜேம்ஸ் ஸ்லாகிள் எழுதினார், விடை பிழைத்தது. உள்ளே அனுப்பப்பட்ட சார்பு, தான் எழுதப்பட்ட இடத்து மதிப்பை விட்டு, அழைக்கப்பட்ட இடத்தில் அதே பெயரில் இருந்த மதிப்பை எடுத்துக்கொண்டது. இதைச் சிறு வழு என்றும், ஸ்டீவ் ரஸ்ஸல் விரைவில் திருத்திவிடுவார் என்றும் எண்ணியதை ஜான் மெக்கார்த்தி பின்னாளில் ஒப்புக்கொண்டார். ரஸ்ஸல் திருத்தவும் செய்தார். எனினும் அது வழுவன்று. பெயருக்குப் பொருள் கொள்ளும் முறையிலேயே இருந்த கோளாறு.

1964இல் பீட்டர் லாண்டின், சார்பையும் அதன் சூழலையும் ஒரே பொதியாக்கி ‘குளோஷர்’ எனப் பெயரிட்டார். 1975இல் ஸ்கீம் அதை மொழியின் இயல்பாகவே ஆக்கியது. சி பிளஸ் பிளஸ் தரத்தில் லாம்டா இடம்பெற 2011 ஆயிற்று.