ஜீப்காரர்கள் வென்ற பட்டம்

2005-06ஆம் ஆண்டின் தேசியக் கால்பந்து லீக்கை மும்பையின் மஹிந்திரா யுனைடெட் வென்றது. 1996-97இல் தொடங்கிய லீக்கின் பத்தாவது பருவம் அது. அந்த லீக் நடந்த காலம் முழுவதும் மும்பைக்குக் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான். பயிற்சியாளர் கோவாக்காரரான டெரிக் பெரைரா. முன்களத்தில் பிரேசிலின் ஹோசே பரேட்டோவும் கானாவின் யூசுஃப் யாகுபுவும். வலது ஓரத்தில் மும்பைப் பையன் ஸ்டீவன் டயஸ். அடுத்த நாலே வருஷத்தில், 2010இல், நிறுவனம் அணியைக் கலைத்துவிட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டிகள் பக்கம் திரும்பியது. கல்கத்தாவில் மோகன் பகானை இப்படி மூடிவிட முடியுமா? இங்கே முடிந்தது. ஊருக்கே கிரிக்கெட் பைத்தியம், அதனால்தான் என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பட்டம் வந்ததென்னவோ மும்பைக்குத்தான், ஆனால் அது மும்பையின் சொத்தாக ஒருநாளும் இருக்கவில்லை.

கிரிக்கெட் கதை உண்மையானால் மும்பையில் நடந்த ரோவர்ஸ் கோப்பை நூறாண்டு தாண்டியிருக்காது. 1891இல் பட்டாளத்து அணிகள் ஆடத் தொடங்கிய போட்டி அது. ஹைதராபாத் சிட்டி போலீஸ் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை அந்தக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. கூப்பரேஜ் மைதானம் பெயர் பெற்றதே அந்த ஆட்டங்களால்தான். ஆக, பார்க்க ஆள் இருந்தது. அப்போது இல்லாமல் போனது ஊரின் பெயரைத் தாங்கிய அணி. கால்டெக்ஸ், டாடா, ஏர் இந்தியா, ஓஎன்ஜிசி என்று எல்லாமே சம்பளம் கொடுத்த இடத்தின் பெயர்கள். மஹிந்திரா அணியின் செல்லப்பெயர்கூட ‘ஜீப்மென்’தான், கம்பெனி செய்யும் வண்டியிலிருந்து வந்தது.

ஹார்பர் லைனில் செம்பூருக்கும் மான்கூர்டுக்கும் நடுவில் இருக்கும் கோவண்டியிலிருந்து பார்த்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். ஸ்டேஷனுக்கு ஒரு பக்கம் தேவனாரும் சிவாஜி நகரும். இன்னொரு பக்கம் போனால் ஆர்.சி.எஃப். உர ஆலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், டிராம்பே மின்நிலையம். ஆர்.சி.எஃப்.பும் பாரத் பெட்ரோலியமும் நகர லீக்கில் ஆடிய அணிகள். பிரான்சில் இதே மாதிரி ஓர் ஆலைப்பட்டியில்தான் 1928இல் பெஜோ கார் கம்பெனி சோஷோ கிளப்பைத் தொடங்கியது. ஆனால் கிளப்புக்கு வைத்தது ஊரின் பெயரை. 1934-35இல் அது பிரெஞ்சு சாம்பியன். 2015இல் பெஜோ கிளப்பை விற்றுவிட்டது; 2023இல் கடன் முற்றி மூன்றாம் பிரிவுக்கு இறங்கிய நேரத்தில் ரசிகர்களும் பணம் போட்டுக் காப்பாற்றினார்கள். சில ஆயிரம் பேரே வாழும் ஊர் அது. கோவண்டிப் பையனோ ரயிலேறி சி.எஸ்.எம்.டி.யில் இறங்கி, ஆசாத் மைதானத்தைத் தாண்டி கூப்பரேஜுக்கு நடந்து போனாலும், அங்கே யாருக்காகக் கத்துவான்? சட்டையில் இருந்தது அவன் அப்பா வேலை பார்க்காத கம்பெனியின் பெயர்.

ஆபீஸ் டீம்கள்தான் ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டன என்பது இதற்கு வலுவான மறுப்பு. ஒப்புக்கொள்கிறேன். சென்னையிலும் இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப். என்று அப்படித்தான், முழங்கால் போன பிறகும் மாதச் சம்பளம் வந்தது. ஆனால் அந்த நியாயம் ஆட்டக்காரனைக் காப்பாற்றியதே தவிர அணியைக் காப்பாற்றவில்லை. முதல் பருவத்தின் சாம்பியனான பஞ்சாபின் ஜே.சி.டி. 2011இல் மூடப்பட்டது. ஏர் இந்தியாவும் ஓஎன்ஜிசியும் 2013இல், தேசிய லீக்கின் இடத்தில் வந்த ஐ-லீக்கின் உரிம விதிகளைத் தாண்ட முடியாமல் வெளியேறின. கோவாவின் டெம்போவும் சல்கோகரும் கம்பெனிப் பெயர்தானே என்று கேட்கலாம். 2016இல் அவையும் ஐ-லீக்கை விட்டு விலகின. ஆனால் கோவா லீக்கில் தொடர்ந்து ஆடின. கம்பெனிப் பெயரானாலும் அங்கே ஊர் அதைத் தன் பெயராக எடுத்துக்கொண்டுவிட்டது.

கோவாக்காரர்கள் விட்டுப்போன இடத்தால்தான், கீழே இறக்கப்பட்டிருந்த மிசோரமின் ஐஸால் மறுபடி உள்ளே வந்தது. மஹிந்திராவுக்கும் ஏர் இந்தியாவுக்கும் ஆடி, பிறகு மும்பை எஃப்.சி.யைப் பல வருஷம் பயிற்றுவித்து, 2016இல் அங்கிருந்து வெளியேறிய காலித் ஜமில்தான் அதன் பயிற்சியாளர். 2016-17இல் ஐஸால் இந்திய சாம்பியன் ஆனது. அதே பருவத்தில் மும்பை எஃப்.சி., ஊரின் பெயரைத் தாங்கியும், கடைசி இடத்துக்குப் போய், அப்படியே காணாமல் போனது.